பரணில் குட்டி போட்டிருக்கும் மரநாய்: விரட்டுவதா, பொறுத்திருப்பதா?

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், மாந்தோப்பை ஒட்டினாற்போல் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா கட்டிய சீமை ஓட்டு வீடு. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவே பலகை அடித்த பரண் உண்டு. பயன்படாத பித்தளைப் பாத்திரங்களும் கோணிகளும் அங்கே கிடப்பதால், பொங்கலுக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்வதோடு சரி, மற்ற நாட்களில் யாரும் ஏறுவதில்லை.

சில வாரங்களாக, இருட்டியதும் பரணில் காலடி ஓசை கேட்கிறது. எலியாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டோம். ஆனால் எலிக்கு அவ்வளவு கனம் கிடையாது. ஒரு மாலை முற்றத்தில் நின்று கவனித்தபோது, ஓட்டின் விளிம்பிலிருந்து ஒரு விலங்கு பக்கத்துப் புளியமரக் கிளைக்கு அலுங்காமல் தாவிச் சென்றது. சாம்பல் கலந்த கரும்பழுப்பு உடல், உடல் அளவுக்கே நீண்ட வால், முகமூடி மாட்டியதுபோல் கண்களைச் சுற்றிக் கறுப்பும் அதையொட்டி வெளுப்பும். எங்கள் ஊரில் இதை மரநாய் என்பார்கள். அது வெளியே போன பிறகும் பரணிலிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள் வந்துகொண்டே இருந்ததால், உள்ளே குட்டிகள் இருப்பது தெரிந்துவிட்டது.

வீட்டில் தவழும் பருவத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. அதன் தொட்டில் தொங்கும் அறைக்கு நேர் மேலேதான் இந்தக் குடும்பம் குடியேறியிருக்கிறது. பலகையில் ஈரக்கறையும் தெரியத் தொடங்கியிருக்கிறது. வாழைப்பழத்தில் மருந்து வைத்துவிடுங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வலை போட்டுப் பிடித்து ராயக்கோட்டைப் பக்கம் காட்டில் விட்டுவிடலாம் என்பது என் அம்மாவின் யோசனை. குட்டிகளோடு இருக்கும் ஒரு தாயைக் கொல்வதற்கு எனக்கும் என் மனைவிக்கும் மனம் வரவில்லை. அதற்காகக் குழந்தையின் நலத்தைப் பணயம் வைக்கவும் முடியாது. இது மனிதரைத் தாக்குமா, நோய் பரப்புமா, கோழிகளை விட்டுவைக்குமா, எவ்வளவு காலம் பரணில் தங்கும், அதுவரை ஒரே கூரைக்குள் எப்படி வாழ்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பாலக்கோட்டார் (தருமபுரி மாவட்டம்) எழுதிய மறுமொழி:

தம்பி, வனத்துறைக் களப்பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் இதே கேள்வியோடு வந்த குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது மரநாயேதான். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய் இனத்தைச் சேர்ந்ததன்று; புனுகுப்பூனை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாகப் பட்டைகள் இருக்கும், அது பெரும்பாலும் தரையில்தான் திரியும். மரநாயின் வாலில் வளையம் கிடையாது, அது மரமேறுவதில் தேர்ந்தது. வளர்ந்த மரநாய் இரண்டு முதல் ஐந்து கிலோ வரை எடை இருக்கும். ஆகவே உங்கள் பரணில் கேட்ட கனமான காலடி இயல்பானதே.

முதலில் உங்கள் அச்சத்தைப் பற்றிப் பேசுகிறேன். இது தனித்து வாழும் இரவு விலங்கு. இருட்டியதும் இரை தேடக் கிளம்பி, விடிவதற்குள் திரும்பிவிடும். பகல் முழுவதும் உறங்கும். மனிதர் இருக்கும் அறைக்குள் இறங்கி வந்து தாக்கும் குணம் அதற்கு இல்லை. ஆயினும் வழியில்லாத மூலையில் அடைபட்டால், அதிலும் குட்டிகள் பின்னால் இருக்கும்போது, சீறும், கடிக்கும். கடிபட்டவர்களாக நான் பார்த்தவர்கள் எல்லோருமே அதைக் கையால் பிடிக்கப் போனவர்கள் அல்லது கம்பால் குத்தியவர்கள். எனவே பரணுக்கு ஏறாமல் இருப்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு முதல் பாதுகாப்பு.

அடுத்தது உணவு. மாம்பழம், சப்போட்டா, கொய்யா, பப்பாளி, வாழை, அத்தி, ஆலம்பழம் என்று பழங்கள்தான் அதற்கு முதன்மை. அவற்றுடன் எலி, பல்லி, பூச்சி, நத்தை, முட்டை ஆகியவற்றையும் தின்னும். பனையில் கட்டிய கலயத்தைத் தேடி ஏறிக் கள்ளைக் குடிப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்குக் கள்ளுப்பூனை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். விழுங்கிய பழத்தின் கொட்டைகளை உடைக்காமல் வெளியேற்றிவிடுவதால், ஏரிக்கரையிலும் கரட்டோரத்திலும் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் மரங்கள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தோட்டத்தில் பெங்களூரா ரகம் இருந்தால், கூழ் ஆலைக்கு அனுப்பும் காயைப் பழுக்கும் முன்பே பறித்துவிடுவீர்கள். மரத்திலேயே பழுத்த சில பழங்களைத்தான் மரநாய் எடுக்கும். அதே நேரத்தில் எலிகளை அது குறைத்துக்கொண்டிருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிக்கவில்லை. பிடிப்பதும், பொறி வைப்பதும், வலை விரிப்பதும், மருந்து வைப்பதும் அதற்குள் அடங்கும். எங்கள் வீட்டுப் பரணில்தானே இருந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகையால் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் யோசனை, அம்மாவின் யோசனை இரண்டுமே குற்றமாகும் என்பதை அவர்களுக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மா சொல்வதில் உள்ள நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. காட்டு விலங்கைக் காட்டில் விடுவதுதானே நியாயம் என்று யாருக்கும் தோன்றும். நம் பகுதியில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு ஆகிய இரண்டு சரணாலயங்கள் இருக்கும்போது இடத்துக்கு என்ன குறை என்றும் கேட்கலாம். ஆனால் இந்த மரநாய் உங்கள் மாந்தோப்பிலும் புளியமரத்திலும் வளர்ந்தது. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பொந்தில் பகலைக் கழிக்கலாம், நாய்கள் எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அதற்கு இங்கேதான் தெரியும். முன்பின் அறியாத காட்டில், ஏற்கெனவே அங்கு வாழும் மரநாய்களின் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பதே அரிது. அதைவிட முக்கியமாக, தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் பரணிலேயே பட்டினியால் இறக்கும். அந்த நாற்றம் உங்கள் வீட்டை விட்டுப் போக வெகுநாள் ஆகும்; குழந்தைக்குக் கேடு என்று நீங்கள் அஞ்சுவது அப்போதுதான் உண்மையாகவே வந்து சேரும்.

எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை போடும். குட்டிகள் கண் திறந்து, பால் மறந்து, தாயின் பின்னால் நடக்கத் தொடங்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். சில வாரங்களாக ஓசை கேட்கிறது என்பதால் அதில் ஒரு பகுதி கழிந்துவிட்டது. பொறுத்திருந்து, அவை தாமாக வெளியேறிய பிறகு வழியை அடைப்பதுதான் குட்டிகளுக்கும் நல்லது, உங்கள் கூரைக்கும் நல்லது. இடைப்பட்ட காலத்தில் உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு தகவல் சொல்லி வையுங்கள். நாளை அக்கம்பக்கத்தில் ஏதேனும் நடந்தால் அது உதவும்.

ஓசூர் வாசகி எழுதிய மறுமொழி:

பாலக்கோட்டு ஐயா சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஓசூரில் இப்போது வீட்டுக்கு வீடு ஜிப்சம் பலகையால் பொய்க்கூரை போடுகிறார்கள். குளிரூட்டிக் குழாய்க்காக விட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டால் மரநாய் அதற்குள் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாய் குட்டிகளுடன் இருந்தது. அப்போது நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தொட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். விலங்கு குழந்தையைத் தாக்கும் என்பதற்காக இல்லை. சிறுநீர் ஊறிய பலகை இளகி ஒருநாள் பெயர்ந்து விழக்கூடும், எச்சத்தின் தூசி காற்றில் இறங்கவும் கூடும் என்பதற்காக. கறை தெரியும் இடத்துக்கு நேர்கீழே தடித்த தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அந்த அறையைச் சில வாரங்களுக்குச் சாமான் வைக்கும் அறையாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அது தானாகவே சீக்கிரம் இடம் மாற வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், கொடுமை இல்லாத ஒரு வழி உண்டு. மரநாய்த் தாய் இருட்டையும் அமைதியையும் தேடித்தான் பரணுக்கு வருகிறது. பகல் நேரத்தில் பரண் வாயிலுக்கு அருகே ஒரு விளக்கை எரியவிட்டு, மனிதக் குரல் வரும்படி வானொலியை மிதமான ஒலியில் வைத்தால், இந்த இடம் சரியில்லை என்று அது உணர்ந்து, ஓர் இரவில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலைக் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆனால் குட்டிகள் மிகச் சிறியவையாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றின் குரல் சற்றுத் தடித்து, ஓடியாடும் ஓசை கேட்கத் தொடங்கிய பிறகு செய்யலாம். புகை போடுவதும், மிளகாய் வற்றலைக் கருக்குவதும், பட்டாசு வெடிப்பதும் கூடவே கூடாது. தாய் தப்பி ஓடிவிடும், நடக்கத் தெரியாத குட்டிகள் புகையில் மூச்சுத் திணறும். அந்துருண்டையைக் கொட்டிவைப்பார்கள் சிலர்; கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதன் ஆவி குழந்தைக்கே தீங்கு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர், இரவில் தாய் வெளியே போயிருந்த நேரம் பார்த்து ஓட்டையைச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார். திரும்பி வந்த தாய் விடியும்வரை கூரையைச் சுற்றிச் சுற்றி வந்து பிறாண்டியது. அடுத்த இரவு கூரைத் தகட்டின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. ஒரு பிடி சிமெண்டில் முடிய வேண்டிய வேலை, கூரைத் தகட்டையே மாற்றும் செலவில் முடிந்தது. அந்தக் குட்டிகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரநாயின் மீது இரக்கம் கொண்டு வாழைப்பழமும் பாலும் வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடங்காதீர்கள். உணவுக்கு மனிதரை எதிர்பார்க்கப் பழகிய விலங்கு, மருந்து வைத்த பக்கத்து வீட்டுப் பழத்தையும் நம்பித் தின்னும். பலாச்சுளைக் கழிவு, மாங்கொட்டை, நாய்க்கு வைத்த சோறு எதையும் இரவில் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

பர்கூரிலிருந்து டொரான்டோ என்ற பெயரில் ஒருவர் எழுதிய மறுமொழி:

நான் பிறந்து வளர்ந்தது பர்கூர்; வேலை நிமித்தமாகக் கனடாவில் டொரான்டோ நகரில் வசிக்கிறேன். இங்கே மரநாய் இல்லை, ஆனால் அதன் இடத்தில் ரக்கூன் இருக்கிறது. அதுவும் இரவில் திரியும். பழம், பூச்சி, முட்டை, குப்பை என்று எதையும் தின்னும். அதற்கும் முகமூடி போட்ட முகம். வசந்த காலத்தில் வீட்டுக் கூரையடியில் புகுந்து, மரநாயைப் போலவே இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்து விலங்குகள். ஆயினும் தாய்மை தொடர்பான நடத்தை பெரிதும் ஒத்திருப்பதால் இங்கு பின்பற்றும் முறையைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கூரையில் ரக்கூன் புகுந்தால் இங்கே ஒருவழிக் கதவு பொருத்துவார்கள். கம்பி வலையால் ஆன சிறு கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. ஆனால் குட்டிகள் உள்ளே இருக்கும்போது அதைப் பொருத்தினால் தாய் வெளியே மாட்டிக்கொண்டு கூரையையே கிழித்துவிடும் என்பதால், முறையாகத் தொழில் செய்பவர்கள் முதலில் குட்டிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பார்கள். இருந்தால், குட்டிகள் நடமாடும்வரை காத்திருப்பார்கள். அல்லது கையுறை போட்டு அவற்றை எடுத்து, கதவுக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்து, தாய் வந்து கொண்டுபோகச் செய்வார்கள். பிடித்த ரக்கூனைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விடவேண்டும் என்பது இந்த மாகாணத்தின் விதி. அறியாத இடத்தில் விட்டால் விலங்கு பிழைக்காது, நோயும் இடம் மாறிப் பரவும் என்பதே அதன் காரணம். பாலக்கோட்டு ஐயா ராயக்கோட்டைக் காட்டைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ரக்கூனின் முன்கால் விரல்கள் கைவிரல்களைப் போலச் செயல்படுபவை. தாழ்ப்பாளைத் திறக்கும், குப்பைத்தொட்டி மூடியைத் திருகும். மரநாய்க்கு அந்தத் திறமை இல்லை. ஆகவே நல்ல கம்பி வலையும் சாதாரணக் கொக்கியுமே உங்களுக்குப் போதும். ரக்கூன் எச்சத்தில் மனித மூளையைப் பாதிக்கக்கூடிய ஓர் உருளைப்புழுவின் முட்டைகள் இருப்பதைப் பற்றி இணையத்தில் நிறையப் படித்து அஞ்சுவீர்கள். அது ரக்கூனுக்கு உரிய புழு, அந்தச் செய்தியை அப்படியே மரநாய்க்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அரூர் கால்நடைப் பணியாளர் எழுதிய மறுமொழி:

நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை. வெறிநோய் எந்தப் பாலூட்டிக்கும் வரலாம். நம் நாட்டில் மனிதருக்கு அது பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது. ஆனாலும் மரநாய் கடித்தாலோ, பல்பட்டுக் கீறினாலோ, சிறு காயம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டு விலங்குக் கடியை மூன்றாம் வகைக் கடியாக, அதாவது மிகத் தீவிரமானதாகக் கருதித்தான் சிகிச்சை அளிப்பார்கள். காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும், முதல் தடுப்பூசியும், அது போட்ட நாளைப் பூஜ்ஜியமாகக் கொண்டு எண்ணி மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்ற கணக்கில் அடுத்த தடுப்பூசிகளும் போடப்படும். ஒரு தவணையையும் விடக்கூடாது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. உங்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். குழந்தையோடு கூடிக் குலாவுவது அவைதானே தவிர, பரணில் இருக்கும் மரநாய் இல்லை.

பகலில் தள்ளாடி நடந்து, மனிதரைக் கண்டும் ஒதுங்காமல், வாயில் நுரையோடு திரியும் மரநாயைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கோழிகளை மரநாய் எடுக்கும், அதில் ஐயமில்லை. அதற்காக அதைக் கொல்ல வேண்டியதில்லை, கூண்டைச் சரிசெய்தால் போதும். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்து, கூண்டின் மேல்பக்கத்தையும் சேர்த்து எல்லாப் பக்கமும் சிறுகண் வலை அடித்துவிடுங்கள். திறந்த பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுக்கப் போனால், அது மரநாய்க்கு மட்டுமில்லை, கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் திறந்த வாசல்தான்.

எலிமருந்து விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். வாழைப்பழத்தில் வைத்த மருந்தை மரநாய் மட்டும்தான் தின்னும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆடு தின்றிருக்கிறது, நாய் தின்றிருக்கிறது. குழந்தை தவழும் முற்றத்தில் அதை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். மரநாய்க்கறி இளைப்புக்கு மருந்து என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காரணத்துக்காக உங்களிடம் யாராவது பிடித்துத் தருகிறேன் என்று வந்தால், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. தொட்டிலை உள்ளறைக்கு மாற்றிவிட்டோம், வனச்சரக அலுவலகத்திலும் தகவல் சொல்லிவிட்டோம். இடையூறு செய்யாமல் விடுங்கள், தேவைப்பட்டால் அழையுங்கள் என்று அவர்களும் சொன்னார்கள். அம்மாவும் பொறுத்திருக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் இன்று காலை புதிய சிக்கல் ஒன்று. மாட்டுக் கொட்டகையின் வைக்கோலில் ஒரு குட்டி கிடக்கிறது. ஓட்டுச் சந்திலிருந்து வழுக்கி விழுந்திருக்க வேண்டும். கண் திறந்திருக்கிறது, காயம் தெரியவில்லை, கத்திக்கொண்டிருக்கிறது. பால் கொடுக்கலாமா? மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்களே, அது உண்மையா?

பாலக்கோட்டார் எழுதிய மறுமொழி:

தம்பி, பால் கொடுக்க வேண்டாம். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒவ்வாமல் கழிச்சல் வரும். படுத்த நிலையில் புகட்டினால் மூச்சுக்குழலில் ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகும். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் வட்டாரத்தில் கரும்புத் தோட்டத்தில் கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளையே மனிதர் கையால் எடுத்துப் பெட்டியில் வைத்து, இரவில் தாய் வந்து கொண்டுபோகும்படி செய்கிறார்கள். மரநாய்த் தாயும் அப்படியே வந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை, தடித்த துணியை இரண்டு மடிப்பாகக் கையில் சுற்றிக்கொண்டு குட்டியை எடுத்து, பழந்துணி விரித்த ஒரு மூங்கில் கூடையில் வைத்து, நாயும் காகமும் அண்டாத நிழலில் மூடி வையுங்கள். குழந்தைகளைக் கொஞ்ச விடாதீர்கள், படம் எடுப்பதற்காகத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பொழுது இறங்கியதும் கூடையை அது விழுந்த இடத்துக்கு நேராக, ஓட்டு விளிம்பை ஒட்டிய மதில் மேலோ மரக்கவட்டிலோ சாயாமல் கட்டி, மூடியை எடுத்துவிடுங்கள். கூடையின் ஆழம், குட்டி தானாக ஏறி விழுந்துவிடாத அளவுக்கும் தாய் தலையை விட்டுக் கவ்வி எடுக்கக்கூடிய அளவுக்கும் இருக்க வேண்டும். வீட்டுநாயைக் கட்டிப்போட்டு, முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுங்கள். குட்டியின் குரல் தாயை அழைத்துவரும். முதல் இரவில் வராவிட்டால் பதற வேண்டாம். வனத்துறையினர் சொல்கிறபடி மறு இரவும் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் குட்டி சோர்ந்துவிட்டால் அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே வனக்காப்பாளர் ஒருவர் முன்னிலையில் கூடையைக் கட்டினோம். நள்ளிரவுக்கு முன்பே தாய் வந்து குட்டியைக் கவ்விக்கொண்டு ஓட்டுச் சந்துக்குள் ஏறிவிட்டது. இருட்டில் சன்னல் வழியாக அம்மாதான் முதலில் பார்த்தார். குட்டிகள் போன பிறகு கூரையை எப்படி அடைப்பது என்பதை மட்டும் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும். ஓட்டு வீடு என்பதால் சந்துகள் பல.

மொரப்பூர் கொத்தனார் எழுதிய மறுமொழி:

வணக்கம் அண்ணா. ஓட்டு வீட்டு வேலை எனக்குப் பழக்கம். அடைப்பதற்கு முன், பரண் காலியாகிவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதில் அவசரம் கூடாது. போய்வரும் சந்துகளின் விளிம்பில் சலித்த சாம்பலையோ மெல்லிய மணலையோ தூவி, காலையில் தடம் பாருங்கள். சந்தில் செய்தித்தாளைச் சுருட்டி இலேசாகச் செருகி வைப்பதும் நல்ல வழி. உள்ளே விலங்கு இருந்தால் அதைத் தள்ளிவிட்டு வெளியே வரும். மழையில்லாத இரவுகள் சில தொடர்ந்து தாளும் சாம்பலும் கலையாமல் இருந்து, பகலில் குட்டிக் குரலும் கேட்காவிட்டால்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தலை நுழையும் சந்து இருந்தால் உடலும் நுழைந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சந்துகளைத் தேடுங்கள். ஓட்டு வீட்டில் மூன்று இடங்களைத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கும்: முகட்டு ஓடு பெயர்ந்த இடம், சுவருக்கும் இறவாரத்துக்கும் நடுவே உள்ள திறப்பு, சமையலறைப் புகைபோக்கி. முகட்டு ஓட்டைப் புதிதாகச் சாந்து வைத்துப் பதிக்க வேண்டும். இறவாரத் திறப்பை முழுதாகப் பூசி அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டம் நின்று கைமரம் உளுத்துப்போகும். அங்கே அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய பற்றவைத்த கம்பி வலையை வெட்டி, கைமரத்தில் திருகாணி போட்டு இறுக்குங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய பின்னல் வலையோ நெகிழி வலையோ நிற்காது. புகைபோக்கிக்கும் அதே வலையில் தொப்பி செய்யலாம்.

புளியமரக் கிளை கூரையைத் தொடுகிற வரையில் என்ன அடைத்தாலும் அது வந்து சோதித்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். மரத்தை வெட்ட வேண்டாம். கூரைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும்படி அந்தக் கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். வீட்டை ஒட்டித் தென்னை இருந்தால், எலிக்குச் சுற்றுவதைப் போல வழுவழுப்பான தகரப் பட்டையைத் தண்டில் உயரமாகச் சுற்றிவிடலாம்.

அரூர் கால்நடைப் பணியாளர் எழுதிய மறுமொழி:

கொத்தனார் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வலை அடிப்பதற்கு முன் பரணைச் சுத்தம் செய்துவிட வேண்டும். எச்சத்தின் வாடை இருந்தால் வேறொரு மரநாய் அதே இடத்தைத் தேடி வரும். காய்ந்த எச்சத்தை அப்படியே துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூச்சில் ஏறும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பிறகு வழித்து எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஊறிப்போன பலகைகளையும் கோணிகளையும் மாற்றிவிடுவது நல்லது. பித்தளைப் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவினால் போதும். பலகை முழுவதும் காய்ந்து, வாடை போன பிறகு தொட்டிலைப் பழைய அறைக்குக் கொண்டுவரலாம்.